ஏழு நாட்டு மருந்தும் ஜரீனாவின் பிரஷரும்

தும்மல் முடிவதற்குள் நூருல்லா எழுந்துவிட்டார். தும்மியவர் பிரபாகரன், கிளியனூர்ப் பக்கத்து விவசாயி, பட்டாவை ஜெராக்ஸ் எடுக்கக் கூனிமேட்டுக்கு வந்தவர். பட்டா கண்ணாடி மேல் குப்புறக் கிடக்க, மூடி திறந்தது திறந்தபடி இருக்க, நூருல்லா தன் கடையின் பின்கதவு வழியாக வீட்டுத் தோட்டத்துக்குப் போய் ஒரு கை நொச்சியை ஒடித்துக்கொண்டு திரும்பினார்.

"நாம இத்த ஆவி புடிக்கிறோம். பிலிப்பைன்ஸ்காரன் கொதிக்க வச்சி குடிக்கிறான். குடிங்க, நெஞ்சு சளி அத்தனையும் எறங்கிடும்."

"சளில்லாம் இல்லீங்க பாய். தூசு."

"இன்னிக்கு தூசு. நாளைக்கு?"

இரண்டு நகலும் ஒரு கை நொச்சியுமாகப் பிரபாகரன் ரோட்டில் இறங்கிப் போன பிறகுதான், அசல் பட்டா எந்திரத்துக்குள்ளேயே இருப்பதைப் பார்த்து நூருல்லா "அடடா" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினில் இருந்த அவர் மனைவி ஜரீனாவுக்கு அந்த ஒரு 'அடடா' போதும். "ஓடிப் போய் குடுத்துட்டு வாங்க. போன வாரம் ஒரு ரேஷன் கார்டு இப்படித்தான் நம்ம வூட்டுல தங்கிச்சி" என்று குரல் கொடுத்தாள்.

நூருல்லாவுக்கு வயது அறுபத்திரண்டு. அபுதாபியில், முசாஃபா பக்கத்துத் தொழிலாளர் கேம்ப் ஒன்றில் பத்தொன்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். விடிவதற்கு முன்னால் அறை அறையாகப் போய், யார் வேலைக்கு வருகிறான், யார் படுத்திருக்கிறான், ஏன் படுத்திருக்கிறான் என்று எழுதுவது அவர் வேலை. கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால் எவனும் போக மாட்டான். அவனவன் கட்டிலுக்கடியில் அவனவன் ஊர்ப் பொட்டலம் ஒன்று இருக்கும். நேபாளி, திமூர் என்று ஒரு காட்டு மிளகைச் சொத்தைப் பல்லில் அடக்கிக்கொண்டிருப்பான். பெங்காலி தகர டின்னில் வல்லாரை வளர்த்து, வயிற்றுக் கடுப்புக்கு அரைத்துக் குடிப்பான். சூடான்காரர் புளிச்சக்கீரை இனத்துச் சிவப்புப் பூவை ஊறப்போட்டு ரத்தக் கொதிப்புக்கு என்பார். எத்தியோப்பியாக்காரன் காப்பியில் அருவதா என்ற மூலிகையின் கொழுந்தைப் போட்டு ஆற்றுவான், பாகிஸ்தான் பட்டாணியன் மாதுளந்தோலை இடித்து வைத்திருப்பான். நூருல்லா எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மற்றவர்கள் டிவியும் கம்பளியும் சுமந்து திரும்பிய காலத்தில், அவர் இருநூறு பக்க நோட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அந்த நோட்டில் நோய்க்கு ஒரு கட்டம், இலைக்கு ஒரு கட்டம், நாட்டுக்கு ஒரு கட்டம் கோடு போட்டிருக்கும். சாப்பிட்டவனுக்குச் சரியாயிற்றா என்று எழுத இடமே கிடையாது. ஜரீனா இதைப் பலமுறை சுட்டிக்காட்டிவிட்டாள். "சரியாவாமயா ஒவ்வொரு நாட்டுலயும் சாப்புடுறான்?" என்பார் அவர். தமிழ்நாட்டில் வல்லாரை மூளைக்கு என்கிறோமே, பெங்காலி வயிற்றுக்கு என்கிறானே என்று யாராவது கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். "ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய்யா சொல்வான்?" என்று கேட்டு, ஞாபகமறதிக்கும் கொடுப்பார், பேதிக்கும் கொடுப்பார்.

தோட்டத்தில் முப்பது பெயின்ட் பக்கெட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் செடியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாட்டின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அதனால் அந்த வீட்டில் பேச்சே வேறு மாதிரி. "ஆடு பூந்து சூடான தின்னுட்டு போயிடிச்சி" என்று ஜரீனா சொல்வாள். "பெங்காலி முழுக்கப் பூச்சி" என்பார் இவர். ஊர் நிலத்தடித் தண்ணீர் கரிக்கும், செடி கருகும். ஆகவே குடிப்பதற்காக வாங்கிவைத்த கேன் தண்ணீர் நேபாளத்துக்குப் போகிறது. விருந்தாளி வந்த நேரத்தில் கேனைச் சாய்த்தால் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

இவ்வளவு மருந்து தெரிந்த மனுஷருக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை. அதுதான் ஜரீனாவுக்குத் தாங்கவே முடியாத விஷயம். பிள்ளைகளும் தப்பித்துவிட்டார்கள். மகன் அதீப் துபாயில், மகள் ஃபர்ஹானா கட்டிக்கொடுத்த வீட்டில், பெரிய முதலியார்சாவடியில். ஆக வீட்டில் எஞ்சிய ஒரே நோயாளி அவள்தான். கைமணிக்கட்டு வலி என்றால் பாகிஸ்தான், நெஞ்செரிச்சல் என்றால் வங்காளதேசம். ஒருநாள் சும்மா கொட்டாவி விட்டதற்கு எத்தியோப்பியாவைக் குடிக்க வேண்டி வந்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கண் விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

ஜரீனா முப்பது வருஷமாகத் தைக்கிறாள். ஜாக்கெட், சுடிதார், புர்கா எல்லாம். கூனிமேட்டுக் கல்யாணப் பெண்கள் பாதிப் பேர் அவள் அளவு நாடாவுக்குள் வந்து போனவர்கள். போன வருஷத்திலிருந்து வலது கண்ணில் புரை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடுவது தெரியவே தெரியாது, விரலால் தடவித் தடவித்தான் புர்கா தைத்தாள். இந்த ரம்ஜானுக்கு முன்னால் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் தங்கையின் துணி வேறு தையற்காரியிடம் போயிற்று. அன்று ஜரீனா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். கண் போனால் தையல் போகும், தையல் போனால் மிச்ச காலம் முழுக்க இந்த மனுஷர் நீட்டும் டம்ளரை வாங்கிக் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று அவளுக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

ரம்ஜான் முடிந்த மறுவாரம் புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் பிரஷர் பார்த்தபோது நூற்றெழுபதுக்கு நூறு காட்டியது. இந்தப் பிரஷரில் கத்தி வைக்க மாட்டோம், மாத்திரை போடுங்கள், உப்பைக் குறையுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

உப்பைக் குறைப்பதை நூருல்லா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். உப்பு ஜாடி அன்றே பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. ஊறுகாய் போயிற்று. ஜரீனா உயிரை வைத்திருந்த நெத்திலிக் கருவாடு போயிற்று. சுற்றிலும் பாத்தி பாத்தியாக உப்பு விளைகிற சீமையில், ஒரு சிட்டிகை உப்பு இல்லாத வீடாக அது ஒன்றுதான் இருந்திருக்கும். மத்தியானச் சோறும் ராத்திரிக் குழம்பும் வாயில் வைக்க விளங்கவில்லை. ஜரீனா கண்ணுக்காக என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

காலையும் மாலையும் அவர் காய்ச்சிக் கொடுத்த கஞ்சி மட்டும் விதிவிலக்கு. அதில் ஒரு கரண்டி பொடி போடுவார். மரக்காணம் உப்பளத்து வரப்பில் தானாக முளைத்துக் கிடக்கும் உமரிச் செடியை நிழலில் உலர்த்தி இடித்த பொடி. கேம்ப்பில் பார்க் என்று ஒரு கொரியா ஃபோர்மேன் இருந்தாராம். அவர் ஊர்க் கடற்கரையில் இதே செடியை, இல்லாவிட்டால் இதன் தம்பியை, பெரிய மருந்து என்று பாட்டிலில் போட்டு விற்பார்களாம். சர்க்கரை, பிரஷர், மலச்சிக்கல், ஊளைச்சதை எல்லாவற்றுக்கும் அதுவாம். நோட்டில் நாலு கட்டம் நிறைய எழுதியிருந்தது.

ஜரீனா அந்தக் கஞ்சியை முதல் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினாள். பிறகு டம்ளரின் அடியை விரலால் வழித்தாள். "இது நல்லாருக்குது" என்றாள். கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷத்தில் அவர் கொடுத்த மருந்து எதையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. நூருல்லா அன்று பூராவும் கடையில் பாட்டு முணுமுணுத்தார். உப்பில்லாத கஞ்சி எப்படி இவ்வளவு ருசிக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "நாக்கு பழகிடிச்சி. ஒரு வாரம் உப்ப விட்டா நாக்கு தன்னால சுத்தமாயிடும்" என்றார். அவளும் நம்பினாள். மத்தியானச் சாப்பாடு மட்டும் ஏன் பழகவில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனார்கள். பிரஷர் நூற்றெண்பத்தாறுக்கு நூற்றுப்பத்து. டாக்டர் தன் கருவியைச் சந்தேகப்பட்டு வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் அதையேதான் சொன்னது.

"உப்பு கொறைச்சீங்களா?"

"டாக்டர், வூட்டுல உப்பு டப்பாவே கெடையாது" என்றார் நூருல்லா.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாங்களா?"

"இல்லீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் உமரி உணவு. ஜரீனாவும் வாயைத் திறக்கவில்லை, அவளுக்கு அது கஞ்சி. டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கி, மறுபடி தள்ளிப்போட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜரீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கவலப்படாத, கரண்டிய கொஞ்சம் கோபுரமா போட்டுடலாம்" என்று நூருல்லா ஆறுதல் சொன்னார். சொன்னபடியே செய்தார்.

பக்ரீத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆண்டாள் வந்தாள். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை ஆண்டாளுக்கு. வாரா வாரம் ஒரு சிமென்ட் சாக்கு நிறைய உமரியைப் பிடுங்கி, கடையில் நூருல்லாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அன்று நூருல்லா செம்மண் அள்ளிவரக் கிளியனூருக்குப் போயிருந்தார். கடை பூட்டியிருந்ததால் சாக்கோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"ஆடு எங்கக்கா கட்டியிருக்கீங்க?" என்று தோட்டத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆடு?"

"பக்ரீத்து ஆடு. அதுக்குத்தான பாய் இம்மாம் உமரி கேக்குறாரு."

"ஆடும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் தின்றேன்" என்றாள் ஜரீனா.

ஆண்டாள் சிரித்தாள். ஜரீனா பொடி ஜாடியைக் கொண்டுவந்து காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "இத்த அப்படியேவா கஞ்சில போடுறாரு?" என்று கேட்டாள். "நாங்க ரெண்டு வாட்டி வேவ வச்சி, ரெண்டு வாட்டியும் தண்ணிய கீழ கொட்டிட்டுத்தான் ஆக்குவோம். அப்பவும் கொழம்புக்கு உப்பு போட மாட்டோம். நீங்க தண்ணி கொட்டாம, காய வச்சி பொடியா துன்றீங்களே. அது உப்புக்கா. செடி மாரி நிக்குது, அவ்ளோதான்."

ஜரீனா ஜாடியில் விரலை விட்டாள். நாக்கில் வைத்தாள். ஏழு வாரமாகப் பொழுது விடியாதா என்று ஏங்கவைத்த ருசி அதுதான். கஞ்சியின் ருசி இல்லை, பழகிய நாக்கு இல்லை, வெறும் உப்பு. வீட்டை விட்டு உப்பைத் துரத்திய அதே கை, கரண்டியில் கோபுரமாக அள்ளி அவளுக்கு உப்பை ஊட்டியிருக்கிறது. டாக்டர் இரட்டிப்பாக்கிய மாத்திரையும் அவள் வாயை விட்டுப் போன கருவாடும் எதற்காக என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நூருல்லா மொபெட்டில் செம்மண் மூட்டையோடு வந்து நின்றார். ஜரீனா அவரை இறங்கக்கூட விடவில்லை.

"இத்த நக்குங்க."

"இன்னாத்துக்கு?"

"நக்குங்கன்னு சொல்றேன்ல."

நக்கினார். "கரிக்குது. கரிக்கத்தான் செய்யும்" என்றார் நிதானமாக. "ஆனா அது செடி உப்பு. செடி உப்பு வேற, கடல் உப்பு வேற. செடி உப்பு ஒடம்புல தங்காது. பார்க் சொல்லியிருக்காரு."

"என் ரத்தத்துக்கு யாரு போயி அத்த சொல்றது?"

"அந்த மனுஷனுக்கு அறுபத்தஞ்சு வயசு. ஒரு மாத்திர கெடையாது."

"அவரு எத்தன கரண்டி சாப்டாரு, கேட்டீங்களா? தண்ணிய கொட்டிட்டு சாப்டாரா, கொட்டாம சாப்டாரா, கேட்டீங்களா? உப்பு வார்றவ கைக்கெட்டுற தூரத்துல நிக்குறா. அவள ஒரு வார்த்த கேட்டீங்களா? மூவாயிரம் மைல் தாண்டி இருக்குறவன் சொன்னா வேதம், மரக்காணத்துக்காரி சொன்னா ஆவாது." குரல் உடைந்தது. "ஏழு வாரம். என் கண்ணு ஏழு வாரம் தள்ளிப் போச்சுங்க."

ஆண்டாள் உமரியைக் கொட்டிவிட்டு, காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினாள். நூருல்லா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு நேபாளத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அந்த நிமிஷத்தில் ஜரீனாவின் பிரஷரை யாரும் பார்க்காதது நல்லது.

மறுநாள் முதல் கஞ்சியில் பொடி இல்லை. ஆனால் தப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. பத்து நாளில் பிரஷர் இறங்க ஆரம்பித்தது. மரக்காணத்து டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த அளவைப் பார்த்துவிட்டு நூருல்லா, "மாத்திர இப்பதான் புடிக்குது" என்றார். தையல் ஸ்கேலால் ஒன்று போடலாமா என்று ஜரீனாவுக்கு வந்தது.

"நோட்டுல கொரியாவ அடிச்சிட்டீங்களா?"

"எதுக்கு அடிக்கணும்? நாளைக்கு ஒருத்தருக்கு பிரஷர் கம்மியா இருந்தா?"

அதற்குப் பிறகு அவள் அவரிடம் சமையல், கரண்டு பில், பால் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கு அவர் இலை ஒடித்துக் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் மெஷினை வேகமாக ஓட்டி, அந்தப் பேச்சு காதில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை புதுச்சேரிக்குப் போனபோது ஜூன் முடியப் போகிறது. பிரஷர் நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்துநாலு. ஜரீனா மனசுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். பச்சை அங்கி மாட்டி, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வரிசையாக இருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்காரவைத்தார்கள். மருந்து ஏற ஏற எல்லாம் மங்கிவிட்டது. எதிரே நின்ற நர்ஸ் மேரிசெல்வி வெறும் வெள்ளையாகத் தெரிந்தாள்.

மேரிசெல்வி படிவத்தைப் படித்துக்கொண்டே வந்தாள். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, மாத்திரை என்னென்ன. பிறகு, "நாட்டு மருந்து, கஷாயம், பொடி, எலச் சாறு, இந்த மாதிரி வீட்டுல ஏதாவது குடுத்தீங்களா ஐயா? இருந்தா சொல்லிடுங்க. டாக்டர் பாத்துட்டுத்தான் உள்ள எடுப்பாரு" என்றாள்.

ஜரீனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இவர் இல்லை என்று சொன்னால் உள்ளே போய்விடலாம், அது பொய். உண்டு என்று சொன்னால் மூன்றாவது தடவையாகவும் திருப்பி அனுப்பலாம். எதைச் சொல்லப் போகிறார் என்று முகத்தைப் பார்க்கவும் வழியில்லை, பக்கத்து நாற்காலியில் அவர் இருந்த இடத்தில் ஒரு கலங்கல்தான் இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த பேப்பர இப்படி குடும்மா. நானே எழுதறேன்."

பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதுவதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். "உமரிப் பொடி. காலைல ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. ஏழு வாரம்." பேனா நின்றது. மறுபடி ஓடியது. "வேக வைக்காம, நான் குடுத்தது."

மேரிசெல்வி உள்ளே போய்ச் சொன்னாள். உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. "அத நிறுத்தி எவ்ளோ நாளாச்சுன்னு கேளு."

"முப்பத்தெட்டு நாள்" என்றார் நூருல்லா, அவள் வந்து கேட்பதற்குள்.

உள்ளேயிருந்து டாக்டர், "சரி, கூட்டிட்டு வா" என்றார். மேரிசெல்வி ஜரீனாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். "குடுங்க ஐயா, போதும்" என்று மறு கையைப் படிவத்துக்காக நீட்டினாள்.

"இரும்மா" என்றார் அவர். ஜரீனா கதவைத் தாண்டும்போது பின்னால் காகிதம் சரசரத்தது. அவர் தாளைத் திருப்பிப் போட்டு, "மணிக்கட்டுக்கு பாகிஸ்தான், நெஞ்செரிச்சலுக்கு பெங்காலி, கொட்டாவிக்கு எத்தியோப்பியா..." என்று வாய்க்குள் சொல்லியபடி பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.